மூணாம் நாள் காலையில் தரையில் ஒரு சொட்டு எண்ணெய்

#1 காவேரிக்கரை, சனி காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். போன புதன்கிழமை பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ் பைக் ஒன்று வாங்கினேன். 2013 மாடல், டிஎன் 22 பதிவு, மீட்டரில் 38,412 கி.மீ., விலை 31,000 ரூபாய். திருச்சியில் ஒரு புரோக்கர் மூலம் கிடைத்தது. பார்க்கப் போனபோது வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, டயருக்குக்கூடக் கறுப்பு பூசி வைத்திருந்தார்கள். ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆனது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை வண்டியை வெளியே எடுத்தபோது சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு எண்ணெய். பழைய ஐம்பது பைசா அளவு இருக்கும். இன்ஜினுக்கு நேர் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக. தொட்டுப் பார்த்தேன், பழுப்பு நிறம், கெட்டியாக இருந்தது. நேற்றும் அதே இடத்தில் ஒன்று இருந்தது என்று அம்மா சொல்கிறார்.

பயப்பட வேண்டுமா? வாங்கும்போது பார்க்காமல் விட்டதை இப்போதாவது பார்க்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 நெல்லை_அண்ணாச்சி, சனி காலை 8:15

தம்பி, பதிமூன்று மாடல் வண்டியில் ஒரு சொட்டு எண்ணெய் எல்லாம் ஒரு பிரச்சினையா? என் வண்டி நாலு வருஷமாகச் சொட்டுகிறது. மாதம் ஒரு தடவை பார்த்து ஊற்றுகிறேன், ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் வடிக்கிற டிரெயின் போல்ட்டை ஒரு சுற்று இறுக்கிவிட்டு வேலையைப் பாருங்கள்.

#3 பட்டறைக்காரர், சனி காலை 9:02

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. "ஒரு சுற்று இறுக்கு" என்று யாரோ சொல்லி இறுக்கி, அடியில் மரை போன வண்டி மாதம் ரெண்டாவது என் பட்டறைக்கு வருகிறது. இன்ஜினின் வெளிக்கூடு, கேஸ் என்போம், அது அலுமினியம். இரும்பு போல்ட் ஜெயிக்கும், கேஸ் தோற்கும். டிரெயின் போல்ட் ஒழுகினால் வாஷரைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், இந்த இன்ஜின் 97.2 சிசி. இதற்கென்று கடையில் விற்பதே 900 மில்லி பாட்டில்தான். அதில் கால் வாசி குறைந்தாலே மேலே வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டுக்குப் போகிற எண்ணெய் தடுமாறும். காரில் சொட்டுவதும் இதில் சொட்டுவதும் ஒன்றல்ல.

தம்பி காவேரிக்கரை, எதையும் இறுக்காதே. முதலில் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இந்த வண்டியில் சிலிண்டர் படுத்த மாதிரி இருக்கும். வால்வைச் சரிசெய்யத் திறக்கிற டேப்பெட் மூடி ரெண்டு உண்டு. எக்ஸாஸ்ட் பக்கத்து மூடி சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் காய்ந்துபோய் எண்ணெய் கசிந்தால், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளி, கேஸின் அடிவயிறு முழுக்கப் பூசிவிடும். நிறுத்தியதும் சொட்டுவது டிரெயின் போல்ட் நுனியில். பார்க்கிறவன் டிரெயின் போல்ட்டைத்தான் திட்டுவான்.

இதைச் செய். இன்ஜின் ஆறினதும் பழைய பிரஷ், கொஞ்சம் டீசல் எடுத்துக்கொண்டு ஹெட்டிலிருந்து அடி வரை தேய். சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைத்து நன்றாகக் காயவிடு. பிறகு வீட்டில் இருக்கிற முகப் பவுடரை இன்ஜின் மேல், பக்கம், அடி எல்லா இடத்திலும் ஊது. பஃப் வைத்து அடித்தால் இன்னும் நல்லது. சைலன்சர் பக்கம் வேண்டாம், புகையும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார். எண்ணெய் ஊறுகிற இடத்தில் பவுடர் நனைந்து கறுப்பாக நிற்கும். பல இடம் நனைந்திருந்தால், மேலே இருப்பதும் முன்னே இருப்பதும்தான் குற்றவாளி. மற்றவை எல்லாம் வழிந்தவை.

ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு முழு நியூஸ் பேப்பரை விரித்து, இரண்டு சக்கரமும் நிற்கிற இடத்தைப் பேனாவால் கோடு போட்டு வை. காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று கணக்கு சரியாகத் தெரியும்.

#4 ரெண்டு_ஸ்ட்ரோக், சனி காலை 9:30

டேப்பெட் மூடியாம், ஓ ரிங்காம். இதற்குத்தான் ஆர்எக்ஸ் 100 வாங்குங்கள் என்பது. டூ ஸ்ட்ரோக் வண்டி, டேப்பெட்டே கிடையாது. :)

#5 பட்டறைக்காரர், சனி காலை 9:41

ஆமாம். கிராங்க் ஆயில் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜினே உறிஞ்சிக் குடித்து வெள்ளைப் புகையாக விடும். தரையில் சொட்டாது, ஊரே பார்க்கும்.

#6 ரெண்டு_ஸ்ட்ரோக், சனி காலை 9:43

அண்ணே, அது போன வருஷம். சீல் மாற்றிவிட்டேன்.

#7 வேளச்சேரி_வெள்ளம், சனி காலை 10:20

டிஎன் 22 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது மீனம்பாக்கம் ஆர்டிஓ. 2013 வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்றிருக்கலாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நின்றிருக்கலாம். எங்கள் தெருவில் வரிசையாக நின்ற வண்டிகளில் ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. அதில் பாதி பிறகு வெளியூருக்குத்தான் விற்பனைக்குப் போனது, ஊருக்குள் யார் வாங்குவார்கள்?

முழுகின வண்டியை எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சில இடத்தில் சேறு போகாது. ஹெட்லைட் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே பார்க்கவும், அடியில் ஒரு மெல்லிய பழுப்புப் படிவு, காபி டம்ளரில் அடிவண்டல் மாதிரி நிற்கும். சீட்டுக்கு அடியில் வயரிங் கப்ளர்களைப் பிரித்துப் பார்க்கவும், பித்தளைப் பின்களில் பச்சை பிடித்திருந்தால் தண்ணீர் குடித்த வண்டி. பின் சக்கரத்தைக் கழற்றும்போது டிரம்முக்குள் பார்க்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகள் முக்கியம், அங்கே யாரும் கழுவ மாட்டார்கள்.

ஆயில் கேப்பைத் திறந்து பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

#8 பட்டறைக்காரர், சனி காலை 10:48

எல்லாம் சரி, கடைசி ஒன்றில் மட்டும் ஒரு திருத்தம். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து வீடு என்று ரெண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டியிலும் மழைக்காலத்தில் மூடிக்கு அடியில் வெள்ளையாகப் படியும். இன்ஜின் சூடேறாமல் உள் ஈரம் வெளியேறாததால் வருவது அது. மூடியில் மட்டும் இருந்தால் பயமில்லை. ஆயில் அளவு பார்க்கிற குச்சியில் வருகிற எண்ணெயே பால் மாதிரி இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

#9 டீச்சர்_ஸ்ப்ளெண்டர், சனி மதியம் 1:05

எண்ணெயைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். விழுந்த வண்டியா என்று எப்படிப் பார்ப்பது என்பதை நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக ஸ்ப்ளெண்டரில்தான் போகிறேன், ரெண்டாவது வண்டியைப் பழையதாக வாங்கும்போது நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பார்த்தேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். திரும்பி முட்டுகிற இடத்தில் சேஸில் சின்ன இரும்புத் தடுப்பு இருக்கும். முன்னால் மோதின வண்டியில் அது நசுங்கியிருக்கும், இல்லை ஒரு பக்கம் அதிகமாகத் திரும்பும். ஹேண்டில் நுழைகிற ஹெட் பைப்பில் சேஸ் குழாய்கள் வந்து சேருகிற வெல்டிங் அருகே விரலால் தடவுங்கள். பெயிண்ட் சுருங்கியோ மடிப்பு விழுந்தோ இருந்தால் கண்ணை விட விரலுக்கு முதலில் தெரியும்.

சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளமான நூல் போதும். பின் டயரின் இரு பக்கமும் தொடுகிற மாதிரி நூலை முன்னால் இழுத்துப் பிடித்தால் முன் டயர் நடுவில் வர வேண்டும். நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி இருக்க வேண்டும். அந்த அளவு வேறுபட்டால் ஒன்று செயின் அட்ஜஸ்டர் சமமாக இல்லை, இல்லையென்றால் ஏதோ வளைந்திருக்கிறது. முதலாவதுதான் பெரும்பாலும்.

கால் வைக்கிற கட்டை, பிரேக் பெடல் நுனி, ஹேண்டில் முனை, சைலன்சரின் வெளிப்பக்கம். விழுந்தால் தரையைத் தொடுவது இவைதான். இவற்றில் ஒரு பக்கம் மட்டும் புதுசாக மாற்றியிருந்தால் "ஏன்?" என்று கேளுங்கள்.

மீட்டரை நம்பாதீர்கள். கிக்கர் ரப்பரையும் கியர் லீவர் ரப்பரையும் பாருங்கள். முப்பத்தெட்டாயிரம் ஓடிய வண்டியில் கோடுகள் தேய்ந்திருக்கும், ஆனால் தெரியும்.

#10 காவேரிக்கரை, சனி மதியம் 2:30

டீச்சர், கிக்கர் ரப்பர் மழமழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருக்கிறது. கோடே இல்லை. :(

ஹேண்டில் தடுப்பு நன்றாக இருக்கிறது. நூல் பிடித்தேன், இடது பக்கம் ஒரு விரல் அதிகம். செயின் அட்ஜஸ்டரில் கோடு பார்த்தால் இடது ஒரு கோடு பின்னால் இருந்தது, சமமாக வைத்ததும் நூலும் சரியானது. ஹெட்லைட் கிண்ணத்தில் தூசி மட்டும்தான், சேறு இல்லை. வேளச்சேரி அண்ணன், கப்ளரும் மஞ்சளாகவே இருக்கிறது. டீசல் போட்டுக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். அம்மாவின் பவுடர் டப்பா பாதி காலி.

#11 டீச்சர்_ஸ்ப்ளெண்டர், சனி மதியம் 2:44

சோப்புக் கட்டி என்றால் மீட்டர் கேபிள் அறுந்த பிறகும் ரொம்ப நாள் ஓடியிருக்க வேண்டும். அல்லது மீட்டரையே மாற்றியிருப்பார்கள். எண்பதாயிரத்துக்குக் குறையாது என்பது என் ஊகம்.

#12 காவேரிக்கரை, ஞாயிறு காலை 8:10

நேற்று மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து முக்கொம்பு வரை போய்த் திரும்பினேன். பவுடர் பூசிய இன்ஜினோடு போனதில் சிக்னலில் ஒருவர் "தம்பி, வண்டிக்கு ஃபேஷியலா?" என்று கேட்டார்.

இரண்டு டேப்பெட் மூடியிலும் பவுடர் உலர்ந்தே இருக்கிறது. ஹெட் பேக்கிங், சிலிண்டர் அடிப் பேக்கிங் இரண்டும் உலர்ந்திருக்கின்றன. டிரெயின் போல்ட்டைச் சுற்றி மட்டும் ஒரு பக்கம் நனைந்திருக்கிறது. இடது பக்கம் கியர் லீவர் நுழைகிற இடத்தில், ஷாஃப்டைச் சுற்றி வளையமாகக் கறுப்பு. அங்கிருந்து ஒரு கோடு கீழே இறங்கி டிரெயின் போல்ட்டுக்குப் போகிறது. முன் ஸ்பிராக்கெட் மூடியைக் கழற்றினால் உள்ளே சகதி மாதிரி கிரீஸ், அதனால் அங்கே எதுவும் தெரியவில்லை.

நியூஸ் பேப்பரில் இரண்டு கறை. ஒன்று எண்ணெய். இன்னொன்று வலது பக்கம், ஈரமாக விழுந்து காய்ந்து லேசான மஞ்சள் வளையம் மட்டும் இருக்கிறது.

#13 பட்டறைக்காரர், ஞாயிறு காலை 8:55

கண்ணு, நல்ல வேலை செய்திருக்கிறாய். மஞ்சள் வளையம் பெட்ரோல். ராத்திரி பெட்ரோல் காக்கை மூடாமல் விட்டிருப்பாய். கார்பரேட்டரில் மிதவைக்கு மேல் ஊசி சரியாக அடைக்கவில்லை, ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சொட்டுகிறது. காக்கை மூடிவிட்டு இன்னொரு பேப்பர் வை. கறை வராவிட்டால் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை சாமி விளக்குப் பக்கம் வண்டியை நிறுத்தாதே, விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கியர் ஷாஃப்ட் சீல் சின்ன ரப்பர் வளையம்தான், விலையும் கம்மி. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்து. வலது பக்கம் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, திருகாமல் சும்மா நுழைத்து எடு. எண்ணெய் எங்கே நிற்கிறது? விரலில் தேய்த்துப் பார், தண்ணீர் மாதிரியா, விளக்கெண்ணெய் மாதிரியா?

#14 காவேரிக்கரை, ஞாயிறு காலை 9:20

மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் கட்டை மேலே நிற்கிறது. கெட்டி. விளக்கெண்ணெய்தான்.

#15 பட்டறைக்காரர், ஞாயிறு காலை 9:52

நினைத்தேன். இதற்கு 10டபிள்யூ30 என்கிற இளக்கமான எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சத்தம் போடுகிற இன்ஜினை விற்க வேண்டுமென்றால் 20டபிள்யூ50 கெட்டி எண்ணெயை நிறைய ஊற்றுவார்கள். பத்து நாளைக்குச் சத்தம் அடங்கும். நீ பார்க்கப் போனபோது இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாயா? சூடாக இருந்ததா?

#16 காவேரிக்கரை, ஞாயிறு காலை 9:58

தொடவில்லை அண்ணே. ஆனால் பக்கத்தில் நின்றபோது முழங்காலில் சூடு அடித்தது. "இப்போதுதான் வாட்டர் வாஷ் பண்ணிக் கொண்டு வந்தோம்" என்றார்கள்.

#17 டீச்சர்_ஸ்ப்ளெண்டர், ஞாயிறு காலை 10:06

அடடா. "நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் முதல் கிக்கில் வருகிற புகைதான் உண்மையைச் சொல்லும்.

#18 பட்டறைக்காரர், ஞாயிறு காலை 10:30

சரி, போனது போகட்டும். எண்ணெய் அதிகமாக ஊற்றினால் மட்டும் சீல் ஒழுகிவிடும் என்று சொல்ல முடியாது. எனக்கு வேறு ஒரு சந்தேகம். இன்ஜினுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு, பிரீத்தர் ஹோஸ் என்போம். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உள்ளே சேரும் காற்றும் ஆவியும் அது வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். அந்த சீலை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் பக்கத்து சீல் ஒழுகும். சைட் கவரைக் கழற்றி அந்த ஹோஸை முனை வரை பின்தொடர்ந்து பார். மடிந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா?

#19 காவேரிக்கரை, ஞாயிறு காலை 11:47

அண்ணே, நீங்கள் பக்கத்தில் எங்காவது ஒளிந்திருந்து பார்க்கிறீர்களா?

ஹோஸ் ஏர் ஃபில்டர் பெட்டியில் சேரவே இல்லை. முனை தனியாக உள்பக்கம் செருகியிருக்கிறது. இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். வேண்டுமென்றே தலையோடு சொருகி அடைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஹோஸ் சேர வேண்டிய ஓட்டையையும் டேப் ஒட்டி மூடியிருக்கிறார்கள். போல்ட்டைப் பிடுங்கியதும் புஸ்ஸென்று சத்தம் வந்ததா இல்லை எனக்கு அப்படித் தோன்றியதா தெரியவில்லை.

யார், எதற்காக இப்படிச் செய்வார்கள்?

#20 பட்டறைக்காரர், ஞாயிறு மதியம் 12:15

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எண்ணெய் வந்து நின்றிருக்கும். ஃபில்டர் ஊறியிருக்கும், வண்டி இழுக்காமல் இருந்திருக்கும். "எண்ணெய் வருகிற குழாயை அடைத்துவிட்டால் வராது" என்று ஒரு புத்திசாலி அடைத்திருக்கிறான். எண்ணெய் ஏன் அந்த வழியாக வந்தது என்று யோசிக்கவில்லை, அல்லது யோசித்துவிட்டுத்தான் விற்றிருக்கிறான்.

கடைசியாக ஒரு சோதனை. போல்ட் இல்லாமல் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் சூடாக்கு. ஐடிலில் விட்டு ஹோஸ் முனையில் கட்டைவிரலை லேசாக வை. மெல்ல மூச்சு விடுகிற மாதிரி இருந்தால் நல்ல இன்ஜின். இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று புகையோடு தள்ளினால், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிந்த காற்று கீழே இறங்குகிறது. பிளக்கையும் கழற்றிப் பார். செங்கல் நிறம் என்றால் சரி, கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல்.

#21 காவேரிக்கரை, ஞாயிறு மதியம் 1:30

குண்டான்தான். பிளக் கறுப்பு, பிசுக்கு. முறுக்கினால் பின்னால் நீலமாக வருகிறது. கெட்டி எண்ணெய் இவ்வளவு நாள் மறைத்திருக்கிறது.

#22 நெல்லை_அண்ணாச்சி, ஞாயிறு மதியம் 1:52

தம்பி, நேற்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பட்டறைக்காரரே, நாளைக்கு என் வண்டி பிரீத்தரையும் பார்க்கிறேன். நாலு வருஷமாக ஊற்றின எண்ணெய்க் காசைக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, போடவும் மாட்டேன்.

#23 வேளச்சேரி_வெள்ளம், ஞாயிறு மாலை 6:10

வண்டி நிலைமை எப்படி இருந்தாலும் பேப்பர் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து இருக்கிறதா? புரோக்கர் கையெழுத்து செல்லாது, ஆர்சியில் பெயர் இருப்பவர் போட வேண்டும். பெயர் மாற்ற 30 நாள், இன்சூரன்ஸ் மாற்ற 14 நாள். சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஆர்சியோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், இன்ஜின் மாற்றின வண்டியாக இருந்தால் அங்கேதான் மாட்டும். 2013 பதிவு என்றால் 15 வருஷம் 2028-இல் முடிகிறது, அதையும் மனசில் வைத்துக்கொண்டு செலவு செய்யுங்கள்.

#24 காவேரிக்கரை, அடுத்த ஞாயிறு காலை 10:15

கேட்டவர்களுக்காக. நம்பர் இரண்டும் ஒத்துப்போகிறது. புரோக்கரிடம் போனேன், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்றார். பேசிப் பேசி 2,000 திருப்பி வாங்கினேன், அதுவே பெரிசு என்று டீ கடைக்காரர் சொல்கிறார்.

சிலிண்டர் போர், பிஸ்டன், ரிங், வால்வு சீல், கியர் ஷாஃப்ட் சீல், கார்பரேட்டர் சர்வீஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,600 ஆனது. ஸ்பிராக்கெட் பின்னால் இருந்த சகதியைச் சுரண்டினால் அங்கிருந்த சீல் நல்லாவே இருந்தது. பழைய எண்ணெயை வடித்தபோது ஒரு லிட்டர் பாட்டில் நிறைந்து, மேலே ஒரு டீ கிளாஸ் மிச்சம் இருந்தது. முன் ஃபோர்க் வலது குழாயில் மெல்லிய எண்ணெய் வளையம் இருந்தது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நறுக்கி சீலுக்கு அடியில் விட்டு மண்ணைத் துடைத்து எடுத்தார் மெக்கானிக், அதோடு நின்றுவிட்டது.

ஐந்து ராத்திரியாகப் பேப்பர் விரிக்கிறேன். ஒன்றும் இல்லை. அம்மா அந்தப் பேப்பரை எடைக்குப் போட எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

#25 ரெண்டு_ஸ்ட்ரோக், அடுத்த ஞாயிறு காலை 10:40

எல்லாம் சரி, அந்த போல்ட்டை என்ன செய்தாய்?

#26 காவேரிக்கரை, அடுத்த ஞாயிறு காலை 10:44

பின் நம்பர் பிளேட்டில் ஒரு போல்ட் இல்லாமல் இருந்தது. அதற்குச் சரியாகப் பொருந்தியது.